கம்பி வடமும் கிடாரத்து மூடியும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் என் சாப்பாட்டுக்கடைக்கு ஒரு லெப்டொப்காரர் வருவார். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் தனியாளாய் எழுப்பிய கடை அது. வெளியே வானம் பார்த்துக் கிடக்கும் இரும்பு மேசைகளும் என் கைவேலைதான்.

மெலிந்த மனிதர், கழுத்தில் அடையாள அட்டை. உட்கார்ந்ததும் மாட்டைக் கட்டுவதுபோல லெப்டொப்பைக் கம்பி வடத்தால் மேசைக் காலோடு கட்டி, இலக்கப் பூட்டைத் திருகிவிடுவார். பிறகு கைபேசியையும் பர்ஸையும் மேசையிலேயே போட்டுவிட்டுக் கைகழுவப் போவார். படித்தவர் அல்லவா!

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"தம்பி, எங்கட ஊர்ல கள்ளன் இல்ல. என்னத்துக்கு இந்தக் கட்டு?"

"அப்ப மேசைக் காலெல்லாம் என்னத்துக்கு ஐயா சீமெந்து போட்டு இறுக்கி வெச்சிரிக்கீங்க?"

"அது காத்துக்கு," என்றேன்.

அந்த வாரமே திடீரென்று மழை கொட்டியது. எல்லோரும் தட்டோடு உள்ளே ஓடினார்கள். அவர் மட்டும் பூட்டோடு மல்லுக்கட்டினார். மேசையோடு தூக்கலாமென்றால், நான் போட்ட சீமெந்து யானை இழுத்தாலும் அசையாது.

"ஐயா, என்ட மூணு வருசப் படிப்பு முழுக்க இதுக்குள்ளதான் இரிக்கி!"

சோற்றுக் கிடாரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடி, லெப்டொப்புக்குக் குடையாகப் பிடித்தேன். மழை முழுவதும் என் தலையில்.

"கெதியா இலக்கத்தத் திருப்புங்க தம்பி!"

பூட்டைக் கையால் பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, கொஞ்சம் அங்கால பாருங்க."

பார்த்தேன். லெப்டொப் நனையாமல் உள்ளே போனது. அவ்வளவு கவனமான மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.