இரண்டு கிழமையில் முடியும் என்றேன்

காருக்கு எக்சோஸ்ட் பைப் வளைத்துப் பிழைப்பவனுக்கு முதலில் பழுதாவது நாக்கு. காது அதற்குப் பிறகுதான். எவர் வந்து எவ்வளவு நாளாகும் என்று கேட்டாலும் எங்கள் தொழிலில் ஒரே பதில்: இரண்டு கிழமை. பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றாது. நீங்கள் சட்டை தைப்பவரோ, பல்லுக் கட்டுபவரோ, ஒருவருக்கு நாள் சொல்லிவிட்டு அந்த நாளில் போன் எடுக்காமல் இருந்தவர் என்றால் நீங்களும் என் கட்சிதான். உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஸ்காபரோவில் மில்லிக்கன் பக்கம், ஸ்ரீல்ஸ் தெருவிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாக இருக்கும் வேலைத்தல யூனிற்றுகளில் ஒன்று என்னுடையது. நானும் நிசாமும்தான். நான் அளந்து வளைப்பேன், நிசாம் வெல்டிங். போன வருடம் பனி உருகிய கையோடு எங்களிடம் ஒரு ஹொட் ரொட், பழைய உடம்பில் பெரிய எஞ்சின் இறக்கிய கார், வந்தது. அதன் சொந்தக்காரர் தேவன் அண்ணைக்கு இடப்பக்கப் பார்வை குறைந்துகொண்டு வந்தது. செப்ரெம்பரில் நடக்கும் கண் சோதனையோடு லைசென்ஸ் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஓட அவருக்கு மிச்சம் இருந்தது ஒரேயொரு கோடை. எனக்கு இது ஆகஸ்டில்தான் தெரியவந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை நீங்களாவது தெரிந்துகொண்டு வாசியுங்கள்.

கலண்டர்

தேவன் அண்ணைக்கு அறுபத்து மூன்று வயது. மோர்னிங்சைட்டில் வீடு. வேலை செய்த காலமெல்லாம் ஊராருடைய சாமானை லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினவர். தனக்கென்று ஓட ஒரு வாகனம் வேண்டும் என்று, முப்பதுகளில் வந்த ஒரு காரின் உடம்பை வாங்கி, மட்கார்ட்டுகளைக் கழற்றி, கூரையைத் தணித்து, எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை இறக்கி, ஒன்பது பனிக்காலம் தன் கராஜுக்குள்ளேயே கிடந்து கட்டியிருந்தார். அவருக்குக் கை வராத வேலை இரண்டு: எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை புகை போகும் பைப், பின்பக்கத்திலிருந்து எஞ்சின் வரை பெற்றோல் வரும் வழி. அதற்குத்தான் எங்களிடம் வந்தார்.

கட்டி இழுத்துவந்த ரோ ட்ரக்கிலிருந்து காரை இறக்கமுதலே எப்போது முடியும் என்று கேட்டார். இறக்கிய பிறகும் கேட்டார். கோடை தொடங்கமுதல் வேண்டும் என்றார். அந்த மாதத்தில் கதவைத் திறந்துகொண்டு வருகிற எல்லாருக்கும் கோடை அவசரம்தான், அதனால் அவருக்கு என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கலண்டரையும் பேனையையும் எடுத்தார்.

"ரெண்டு கிழமையெண்டால் ரெண்டு கிழமைதானே, தம்பி? நான் நாளைக் குறிச்சு வைக்கப்போறன்."

தொங்கிய அச்சு

முதற் பிழை முழுக்க முழுக்க என்னுடையது. காரைத் தூக்கும் ஹொயிஸ்றில் ஏற்றி உயர்த்தினால் சட்டம் மேலே நிற்கும், பின் அச்சு சில்லோடு சேர்ந்து கீழே தொங்கும். பைப் அந்த அச்சுக்கு மேலால் வளைந்து பின்னுக்குப் போகவேண்டும். ஆகவே அளக்கமுதல் அச்சுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, கார் நிலத்தில் நிற்கும் உயரத்துக்கு அதைத் தூக்கி வைக்கவேண்டும். தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே படிக்கிற விஷயம். பதினெட்டு வருடம் வளைத்த திமிரில் நான் முட்டுக் கொடுக்கவில்லை.

வேலை என்னவோ அழகுதான். இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத இரும்புக் குழாய், நிசாமின் வெல்டிங் நூல் கோத்த மாதிரி. காரை இறக்கினோம். பாரம் ஏறியதும் அச்சு மேலே வந்து இரண்டு பைப்பையும் கீழிருந்து இடித்து நெளித்துவிட்டது. அச்சடியில் வளைத்த துண்டெல்லாம் வெட்டி எறியவேண்டியதாயிற்று. புதிய குழாய் வர மூன்று கிழமை. அதற்குள் வேறு வேலைகள் ஹொயிஸ்றில் ஏறிக்கொண்டன, தேவன் அண்ணையின் கார் மூலைக்குப் போனது. நிசாம் முகக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் காரைச் சுற்றி ஒருதரம் நடந்தான்.

"அண்ணை, உந்தக் கார் ஆகாயத்திலை ஓடுறதெண்டால் ஒரு குறையும் இல்லை."

இடப்பக்கம்

ஒவ்வொரு சனிக்கிழமையும் தேவன் அண்ணை மூன்று கோப்பியோடு வருவார். ஏசமாட்டார். ஏசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். மூலையில் நின்ற காரின் கதவைத் திறந்து, உள்ளே ஏறி, ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். வருகிறபோதும் போகிறபோதும் எதிலாவது மோதுவார். ஒருநாள் ஹொயிஸ்றின் கையில் தோள். இன்னொரு நாள் நிசாமின் காஸ் சிலிண்டரில் முழங்கால். கோப்பி கொட்டி என் சப்பாத்தெல்லாம் நனைந்தது.

கார் கட்டுகிற ஆள் நடக்கப் பழகவில்லையே என்று நான் பகிடி விட்டேன். அவரும் சிரித்தார். அவர் எப்போதும் இடப்பக்கத்தில்தான் மோதினார் என்பதை அப்போது நான் கவனிக்கவே இல்லை, அந்தப் பகிடியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. சிரித்து முடிந்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"எனக்கு இடப்பக்கத்திலை ஒண்டையும் வையாதையும், தம்பி."

பத்து நிமிடம்

ஜூலையில் பைப் வேலை சரிவந்தது. பெற்றோல் ராங்கை அலுமினியத் தகட்டில் நாங்களே செய்து பின் சீற்றுக்குப் பின்னால் பூட்டினோம். தேவன் அண்ணை ஓட, நான் பக்கத்தில் இருந்து, யூனிற்றிலிருந்து வெளிக்கிட்டோம். பத்தாவது நிமிடம் எஞ்சின் இருமி நின்றது. அரை மணித்தியாலம் விட்டால் ஓடும், பத்து நிமிடத்தில் திரும்ப நிற்கும். எக்சோஸ்ட் சூட்டில் பெற்றோல் கொதிக்கிறது என்று நினைத்து, பெற்றோல் வரும் லைனைப் பைப்பிலிருந்து தள்ளிப் பூட்டினேன். பம்பை மாற்றினேன். பில்ரரை மாற்றினேன். அப்படியே ஜூலை போனது.

ஒரு சனிக்கிழமை திரும்பவும் நடுத்தெருவில் நின்றபோது, எவ்வளவு பெற்றோல் இருக்கிறது பார்ப்போம் என்று தேவன் அண்ணை மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. பெற்றோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்கான துவாரம் மூடியிலேயே இருக்கிறது என்று நினைத்தேன், மூடியில் இல்லை, ராங்கிலும் வைக்கவில்லை. இனி ராங்கைக் கழற்றி, கழுவி, பெற்றோல் ஆவி முழுக்கப் போகும்வரை காற்றில் வைக்காமல் அதில் வெல்டிங் நெருப்புக் காட்ட முடியாது. யூனிற்றுக்குக் கொண்டுவந்ததும், அவசரப்படுத்தினால் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றான் நிசாம், அவன் சொன்னது நியாயம். தேவன் அண்ணை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ராங்கைப் பார்த்தபடி நின்றார்.

"பாவம், தம்பி, இவ்வளவு நாளும் உது மூச்சுவிட வழியில்லாமல் கிடந்திருக்கு."

அக்காவின் போன்

ராங் காற்றில் கிடந்த கிழமையில் ஒரு போன். தேவன் அண்ணையின் மனைவி. அவரை நான் கண்டதுகூட இல்லை. கணவர் குளிக்கப் போன நேரம் பார்த்து எடுக்கிறேன் என்று மெல்லிய குரலில் சொன்னார். கண்ணின் கதையை அப்போதுதான் கேட்டேன். மூன்று கிழமையில் சோதனை என்றும், போன சோதனையிலேயே அரும்பொட்டில்தான் தப்பினவர் என்றும் சொன்னார். கலண்டரில் நான் சொன்ன நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வருகிறாராம்.

இதை அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லா வேலையையும் தள்ளிவைத்திருப்பேனே என்றேன். அவர் குரலை இன்னும் தணித்தார்.

"நீங்கள் இரக்கப்பட்டு அவசரப்பட்டால் பிழை விட்டிடுவியள் எண்டுதான் அவர் சொல்லேல்லை, தம்பி."

வலப்பக்க சீற்

மூன்று கிழமை இருக்கிறது, எனக்கு இரண்டு போதும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பழக்கம் விடாது. வேறு வேலை ஒன்றும் எடுக்கவில்லை. ராங்கில் காற்றுக் குழாய் வைத்துப் பூட்டினோம். கடைசிச் சோதனையில் பெற்றோல் லைனின் ஒரு பொருத்தில் மெல்லிய கசிவு, அதுவும் சுடுகிற பைப்புக்கு நேர் மேலே. அப்படியே கொடுத்தால் கார் எரியும். புது லைன் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை அவருடைய சோதனை முடிந்தது. வெள்ளிக்கிழமை கார் முடிந்தது.

தேவன் அண்ணை பஸ்ஸில் வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளில் தட்டினார். காரின் திறப்பை என் கையில் வைத்துவிட்டு, காரைச் சுற்றி நடந்து, வலப்பக்க சீற்றில் ஏறி இருந்தார்; இந்த நாட்டில் ஓடுபவர் இருப்பது இடப்பக்கம். ஸ்ரீல்ஸில் ஏறிக் கிழக்கே ஓடினேன். பத்து நிமிடம் தாண்டியது, எஞ்சின் நிற்கவில்லை. முதல் நாளே அவர் வேண்டுமென்று கேட்டிருந்த எக்சோஸ்டின் அடித்தொனி, கனத்து, ஒரே சீராக, எங்கள் சீற்றுக்குக் கீழால் போய்க்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையையும் முன்னால் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தபடி இருந்தார். ஸ்காபரோ முடிந்து வீடுகள் குறைகிற இடம் வந்தபோதுதான் வாய் திறந்தார்.

"இதிலை இருந்தால் நீர் எனக்குத் தெரியேல்லை, தம்பி. நல்லதுதான், நானே ஓடுறன் எண்டு நினைச்சுக்கொண்டு வாறன்."

சுடுகிற பைப்புக்கும் பெற்றோல் லைனுக்கும் நடுவே எத்தனை அங்குலம் விடவேண்டும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய எனக்கு, காரைக் கொண்டு வருபவரிடம் உங்களுக்கு எத்தனை கிழமை இருக்கிறது என்று கேட்க மட்டும் பதினெட்டு வருடமாகத் தோன்றவில்லை.