தம்பி பேச நான் இருந்த தவசு

விளக்கில் சுட்ட வசம்பின் நெடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதைத் தேனில் உரைத்து அம்மா என் தம்பி கணேசனின் நாக்கில் தடவுவாள், அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பாவாடைக்குப் பின்னால் ஒளிவான். மூன்று வயது தாண்டியும் அவனுக்கு ஒரு சொல் வரவில்லை. ஏழு வயதான எனக்குத் தெருவே ‘வாயாடி’ என்று பெயர் வைத்திருந்தது.

பிள்ளைகளுக்குப் பேச்சு எப்படி வருகிறது என்று இப்போது ஒரு கல்வியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கேட்டுத் திருப்பிச் சொல்லி வருகிறது என்பது ஒரு கட்சி, சொன்னால் பரிசு கிடைப்பதால் வருகிறது என்பது இன்னொன்று, பிறவியிலேயே உள்ளே இருக்கிறது என்பது மூன்றாவது, பேச்சுத் துணை வேண்டும் என்பது நான்காவது. எல்லாக் கட்சியும் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டிலேயே இருந்தன. யாவாரிகள் பேச்சைக் கேட்டால் படித்துவிடுவான் என்று அப்பா அவனைப் பாத்திரக்கடையில் உட்கார வைத்தார். “முறுக்குன்னு சொல்லு, தாரேன்” என்று அம்மா முறுக்கை உயரத்தில் பிடித்தாள். “மொளைக்கது தானா மொளைக்கும், வெதையத் தோண்டிப் பாக்காதிய” என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. நான்காவது கட்சிக்கு நான் ஒருத்திதான்; அவன் காதைத் தேய்த்தால் தூக்கம், பழத்தார் தொங்கும் விட்டத்தைப் பார்த்தால் வாழைப்பழம் என்று அறிந்து அவனுக்காகப் பேசிக்கொண்டிருந்தேன்.

அது பெரியம்மாவின் கண்ணில் பட்டதுதான் வினை. புளியங்குடியிலிருந்து ஆடித் தவசுத் திருவிழாவுக்கு வந்தவள், “இவ முந்திக்கிட்டுச் சொல்லிருதா, பொறவு அவன் எதுக்கு வாயத் தொறக்கான்?” என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். கொடியேறிய அன்று அம்மா என்னைக் கோமதியம்மன் முன் நிறுத்தி, தவசு முடியும் வரை தம்பி காதுபட நான் பேசுவதில்லை என்று நேர்ந்துகொண்டாள். நான் அழுதேன். “ஏட்டி, அம்மனே ஒத்தக் கால்ல நிக்கா, ஒனக்கு வாய மூடிக்கிட்டு இருக்க முடியாதோ?” என்று அம்மா அதட்டினாள்.

அவன் என்னை விட்டு அகலாத பிள்ளை. ஆகவே நான் பேசுவதற்கென்று வீட்டில் ஒரு மூலைகூட மிச்சமில்லை. அவன் கையை நீட்டி, என் முகத்தைப் பார்த்து, பிறகு அழுவான். என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும், சொல்லக்கூடாது.

தவசன்று தெற்கு ரத வீதியில் சாமி காட்சி கொடுத்தபோது சனங்கள் நேர்ந்துகொண்ட பருத்தியையும் மிளகாய் வத்தலையும் அள்ளி வீசினார்கள். அப்பாவின் இடுப்பிலிருந்த கணேசன் கூச்சலில் மிரண்டு என் பக்கம் சாய்ந்து, என் தாடையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். “சொல்லு,” என்றான். அப்பா அழுதுவிட்டார். “நான் சொன்னேம்லா!” என்று பெரியம்மா மார்தட்டினாள்.

அவன் என்னைத்தான் கேட்டான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அம்மனுக்குத் தவசு அன்றோடு முடிந்தது. இனிப் பேசலாமா என்று நான் கேட்டதற்கு, “இப்பத்தான் தொறந்திருக்கான், கெடுத்திராத,” என்றாள் அம்மா. ஒரு மாதம் போயிற்று, ஒரு வருடம் போயிற்று. ‘வாயே தெரியாத பிள்ள’ என்று சொந்தக்காரர்கள் மெச்ச ஆரம்பித்தார்கள், அந்த மெச்சலை விட்டு வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை. இன்றும் வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிற நான், அந்த வீட்டு வாசற்படி ஏறியதும் ஊமையாகிவிடுகிறேன்.

பாத்திரக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. என்னை வாயாடி என்று அழைத்தவர்கள் யாரும் தெருவில் இல்லை. அம்மா பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடக்கிறாள். போன மாதம் எல்லோரும் கூடி யார் பார்த்துக்கொள்வது என்று பேசினார்கள். “அக்கா வேலைய விட்டுட்டு வந்திருவா, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா,” என்றான் கணேசன். கோபம் தலைக்கு ஏறியது. முடியாது என்று சொல்ல எழுந்தேன். அப்போது அம்மாவின் கண் மேலே போய் என்னிடம் திரும்பியது.

“அம்மாவுக்குக் குளிருதாம், ஃபேன நிறுத்துங்க.”

“பாத்தியளா, அக்காவுக்குத்தான் தெரியுது,” என்றான் கணேசன். எல்லோரும் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போனார்கள்.