பக்கம் புரட்டியவள்

லைப்ரரி அக்காவின் வேலை நிரந்தரம் இல்லை. கட்டடமும் புத்தகங்களும் நகராட்சி கொடுத்தவை. நூலகத்தை நடத்துவது தெருக்காரர்கள் கூடித் தேர்ந்தெடுத்த குழு. வருஷத்துக்கு ஒரு முறை அந்த ஒற்றை அறையிலேயே எல்லோரும் கூடி, அவள் நீடிக்கலாமா வேண்டாமா என்று கைதூக்கிச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அவள் வெளியே போக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. அதனால் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று, அடுக்கி வைத்த புத்தகங்களையே மறுபடி அடுக்கிக்கொண்டிருப்பாள். வீட்டில், லாரி ஓட்டி முதுகுத்தண்டு போன கணவன் படுத்த படுக்கையாகக் கிடந்தான். அவள் கொண்டுவந்தால்தான் அடுப்பு எரியும்.

குழுவின் தலைவர் மருந்துக்கடைக்காரர். உறுப்பினர்களில் தையல்கார அம்மாவும் எலெக்ட்ரீஷியனும் முக்கியமானவர்கள். முக்கியம் என்றால் வேறொன்றுமில்லை, அவர்கள் ஒழுங்காக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு பார்வை நாள் உண்டு. அன்றைக்கு வாசலோரம் இருக்கும் நாற்காலியில் சிறிது நேரம் உட்கார்ந்து, நூலகம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் வாசகர்களை மாத்திரை அட்டையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். யாராவது காலாவதி ஆகியிருக்கிறார்களா என்று தேடுகிற பார்வை அது.

அவர் கண்ணில் முதலில் பட்டவர் காவல்காரர்.

காவல்காரருக்கு இரவு முழுக்கக் கிடங்கு வாசலில் வேலை. தங்கியிருந்த அறைக்குக் கீழே தகரப் பட்டறை. பகலெல்லாம் சுத்தியல் சத்தம் மண்டையில் இறங்கும். நூலகத்தில்தான் அமைதி இருந்தது. காலையில் வந்து மேசையில் கவிழ்ந்தாரென்றால் அவர் விடும் குறட்டையில் செய்தித்தாள்கள் படபடக்கும் என்று மற்ற வாசகர்கள் கேலி பேசுவார்கள். கேலி புகாராகியது, புகார் கூட்டத்துக்கு வந்தது. கைகள் உயர்ந்தன. 'பேசக் கூடாது, சாப்பிடக் கூடாது' என்றிருந்த பலகையில் 'தூங்கக் கூடாது' என்று மூன்றாவது வரி ஏறியது. அதை நடத்திக் காட்ட வேண்டியது லைப்ரரி அக்காவின் பொறுப்பு.

சில நாள் நடத்தினாள். "அண்ணே, போர்டு" என்று தோளைத் தட்டுவாள். அவர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வருவார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தலை மறுபடி தொங்கும். மறுபடி தட்டுவாள்.

ஒரு நாள் அவர் முகம் கழுவப் போகவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்: "தங்கச்சி, முந்தாநேத்து வேலையில கண்ணசந்துட்டேன். முதலாளி டார்ச் அடிச்சுப் பாத்துட்டாரு. இன்னொரு தடவை தூங்கினா வீட்டுக்குப் போயிருன்னுட்டாரு. பகல்ல இங்க விட்டா எனக்குத் தூங்க வேற இடம் கெடையாது."

அவள் அன்றைக்கு அவரை மூலை இருக்கைக்கு மாற்றினாள். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒருவர் மட்டும் இடுங்கி உட்காரக்கூடிய இடம். சரிந்தாலும் விழ முடியாது. அங்கே யாரும் உட்காருவதில்லை. காரணம், மின்விசிறி கிடையாது. உத்தரத்தில் வெறும் கொக்கி மட்டும் தொங்கியது. ஒன்று மாட்டித் தருவதாக எலெக்ட்ரீஷியன் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். கொக்கியும் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கும்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த கறுப்புக் கண்ணாடி காவல்காரரிடம் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு, இடது கையைக் கன்னத்துக்கு முட்டுக்கொடுத்து, தடிமனான புத்தகம் ஒன்றை முன்னால் விரித்து வைத்துக்கொள்வார். உட்கார்ந்த வாக்கில் தூங்கும்போது குறட்டையும் வரவில்லை. புத்தகங்களை அடுக்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா ஒரு பக்கத்தைப் புரட்டிவிடுவாள். வாசல் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஒரு மனுஷன் தலை நிமிராமல் படிக்கிறான் என்றுதான் தோன்றும்.

கணவனிடம் சொன்னபோது அவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டான். "அந்தாளு மாட்டினா நீயும் சேர்ந்து மாட்டுவேம்மா."

"அவரு தூங்கினா யாருக்கு என்னங்க குறைஞ்சுபோச்சு?"

"குறையப்போறது நம்ம சோறு" என்றான்.

அவள் அதன்பிறகு பார்வை நாட்களில் இன்னும் அடிக்கடி அந்தப் பக்கம் போனாள்.

மாட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்று நடந்தது. "சிறந்த வாசகர் பரிசு இந்த வருஷம் அவருக்குத்தான்" என்று மருந்துக்கடைக்காரர் அறிவித்துவிட்டார். "இந்தக் காலத்துல இப்படிப் படிக்கிற ஆளு எங்க இருக்கான்? போர்டு போட்டோம், மனுஷன் திருந்திட்டாரு பாருங்க."

காவல்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன படிச்சீங்கன்னு கேட்டா என்ன தங்கச்சி சொல்றது?"

"எந்திரிச்சதும் மறந்துபோச்சுன்னு சொல்லுங்க."

"இந்தக் கைதான் ரெண்டு மூணு நாளா மரத்து மரத்துப் போகுது" என்று இடது கையை உதறினார்.

"தலையை அதுமேல வச்சே தூங்கினா மரக்காம என்ன செய்யும்? கையை மாத்தி வைங்க" என்றாள். அதை ஒரு யோசனையாகத்தான் சொன்னாள்.

ஆண்டுக் கூட்டத்தன்று காலையிலேயே மழை. காவல்காரர் தொப்பலாக நனைந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே, "பரிசு குடுக்கறப்ப எழுப்பிரு தங்கச்சி, மறந்துராதே" என்று சொல்லிவிட்டு மூலைக்குப் போனார். கை மாற்றவில்லை, அதே இடது கைதான்.

தலைவர் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். தன் வேலைக்குக் கைதூக்கப் போகிற நாளில் காவல்காரர் தூங்குவது தெரிந்துவிட்டால் எல்லாம் போச்சு. நாற்காலி போடுகிற சாக்கில், தூசி தட்டுகிற சாக்கில், போகிறபோதும் வருகிறபோதும் பக்கத்தைப் புரட்டினாள். ஒரு முறை அவருடைய வலது கைவிரல் பக்கத்தின் மேல் கிடந்தது. அதை மெல்லத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டுப் புரட்டினாள். விரல் சில்லென்று இருந்தது. மழையில் நனைந்து வந்தவர்தானே என்று நினைத்தாள்.

மதியத்துக்கு மேல் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். தலைவர் மூலையைக் காட்டி, உதட்டில் விரல் வைத்தார். "மெதுவாப் பேசுங்க. படிச்சிட்டிருக்காரு." செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தையல்கார அம்மா பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள்: "என் வீட்டுக்காரரு மாத்திரைச் சீட்டுகூட முழுசாப் படிக்க மாட்டாரு."

முதலில் லைப்ரரி அக்காவின் விஷயம் வந்தது. அவள் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கைகள் உயர்ந்த சலசலப்பு முதுகில் கேட்டது. இன்னொரு வருஷம் கிடைத்துவிட்டது. அந்த நிம்மதியோடுதான் அவரை எழுப்பப் போனாள்.

"அண்ணே. பரிசு."

தோளைத் தட்டினாள். கறுப்புக் கண்ணாடி நழுவிப் புத்தகத்தின் மேல் விழுந்தது. உள்ளே கண்கள் பாதி திறந்திருந்தன.

ஆம்புலன்சில் வந்தவர் கன்னத்தோடு ஒட்டியிருந்த கையை எடுக்கப் பார்த்தார். அது மடங்கியது மடங்கியபடியே வந்தது. "போயி ரொம்ப நேரமாச்சுங்க. மாரடைப்பா இருக்கும். வெறைச்சே போச்சு" என்றார்.

அவரைத் தூக்கிக்கொண்டு போனபிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் கேட்டார்: "ரொம்ப நேரமாச்சுன்னா எப்படி? நான் வந்து உக்காந்ததுக்கு அப்புறமும் பக்கம் புரண்டுச்சே. நான் பார்த்தேன்."

எல்லோரும் பார்த்திருந்தார்கள். அறையே லைப்ரரி அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் எலெக்ட்ரீஷியன் தொண்டையைக் கனைத்தார்.

"ஃபேன் காத்துல புரண்டிருக்கும் தலைவரே."

ஒருவரும் கொக்கியை நிமிர்ந்து பார்க்கவில்லை. செத்துப்போன ஒருவர் படிக்கிறார் என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களும்தான். நாளைக்கு ஊர் சிரிக்கும். மருந்துக்கடைக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ஃபேன் காத்துதான். ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். இதற்கும் கைதூக்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாக் கைகளும் உயர்ந்தன. லைப்ரரி அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே எலெக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார். இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட மின்விசிறியை மூலையில் மாட்டினார். சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "இப்ப சரியாப்போச்சு அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவன் சொன்னான்: "கையைத் தூக்கிட்டாங்கல்ல, விடு. நீயா கொன்னே?"

"மழைத்தண்ணின்னு நெனச்சேங்க" என்றாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபிறகு காவல்காரரின் மகள் வந்தாள். தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த பெண். தையல்கார அம்மாவின் பார்வை நாள் அது. பரிசுக் கேடயத்தை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை முந்தானையால் துடைத்தாள்.

"அப்பா இவ்வளவு படிப்பாருன்னு எங்க யாருக்குமே தெரியாதுக்கா. வீட்டுல ஒரு பேப்பர்கூட கையில எடுத்ததில்ல. அவரு கடைசியா உக்காந்த எடம் எதுக்கா?"

லைப்ரரி அக்கா காட்டினாள். அந்தப் பெண் போய் உட்கார்ந்தாள். அந்தத் தடித்த புத்தகம் இன்னும் அதே மேசையில் கிடந்தது. அவள் விரித்ததும் மேலே சுற்றிய புது மின்விசிறியின் காற்றில் பக்கங்கள் மடமடவென்று ஓடின. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

"எதுவரைக்கும் படிச்சிருந்தாரு? மிச்சத்தை நான் படிக்கலாம்னு பாத்தேன்."

தையல்கார அம்மா நாற்காலியிலிருந்து வேகமாகத் தலையாட்டினாள், வேண்டாம் என்று. லைப்ரரி அக்கா அவளையும் பார்த்தாள், பலகையின் மூன்றாவது வரியையும் பார்த்தாள்.

"உங்கப்பா இங்க படிக்கலம்மா. தூங்கினாரு. ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கிற மனுஷன். யாரும் எழுப்பிடக் கூடாதுன்னு நான்தான் பக்கத்தைப் புரட்டினேன். அன்னைக்கும் புரட்டினேன்."

அந்தப் பெண் கேடயத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

அவள் எழுந்தாள். கேடயத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கை எடுத்ததும் புத்தகத்தின் பக்கங்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

தையல்கார அம்மா வாசலைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் தலைவருகிட்ட சொல்லாம இருக்க முடியாதுடி. கை தூக்கினவ நானு."

"சொல்லுங்கக்கா" என்றாள். மூலைக்குப் போய் மின்விசிறியை நிறுத்தினாள். பிறகு கூட்டத்துக்குப் போடும் நாற்காலிகளை எடுக்க அலமாரிக்குப் பின்னால் போனாள்.