இறக்காத திருஷ்டி பொம்மை

வீடு கட்டும்போது வைக்கோல் திணித்து, பழைய சட்டை மாட்டி முன்னால் தொங்கவிடுவோமே, அந்தத் திருஷ்டி பொம்மையைக் கிரகப்பிரவேசத்துக்குள் இறக்கிவிடுவதுதான் வழக்கம். பெருங்களத்தூரில் நாங்கள் கட்டிய வீட்டில் நான் அதை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். வேலை இன்னும் முடியவில்லை என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

வரைபடம் போட்டவள் என் மகள். கட்டடக்கலை படித்தபின் அவளுடைய முதல் வீடு. சுவருக்குள் காற்று நிற்க இடைவெளி விட்டுச் செங்கல்லை அடுக்கினால் கல்லும் குறையும், வெயிலும் உள்ளே இறங்காது என்றாள். மேல்தளத்துக் கான்கிரீட்டில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டை மிச்சம் பிடித்தாள். பூச்சு கிடையாது, பெயிண்ட் கிடையாது. "சிமெண்ட் ஆலை விடற புகையில நம்ம பங்கு குறையும்ப்பா" என்பாள். நானும் பெரிதாகத் தலையாட்டினேன். ஆனால் தெருவில் பளபளக்கும் வீடுகளுக்கு நடுவே அது எனக்கு அரைகுறையாகவே தெரிந்தது.

என் மனைவியின் அண்ணனுக்கு முடிச்சூரில் ஒரு மனை இருக்கிறது. எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு அங்கே வீடு கட்டும் வேலையைத் தன்னிடம் தருவார் என்று மகள் ஆசையாகக் காத்திருந்தாள். கிரகப்பிரவேசத்தன்று வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மாப்ள, பொம்ம தொங்கிகினு கீது? வேலை முடியலியா?"

"பூச்சு பாக்கி மச்சான். அடுத்த மாசம் பூசிடுவோம்" என்றேன்.

மகள் சந்தனக் கிண்ணத்தோடு என் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் வெறுந்தரையில் சாய்ந்த மச்சான் சாயங்காலம் வரை குறட்டை விட்டார். வெளியே கத்திரி வெயில். எழுந்ததும், "வூடு ஜில்லுனு கீதே, ஏசி எங்க வெச்சிருக்கீங்க?" என்று சுற்றிலும் தேடினார். ஏசியே இல்லை, எல்லாம் பெண்ணின் கைங்கரியம் என்று பெருமையடித்தேன். அவர் சிரித்தார்.

"அப்பால எதுக்கு மாப்ள பூசப்போறீங்க? பொண்ணு போட்ட சுவத்த மூடணும்னு உங்களுக்கே தோணுது. நான் எப்டி நம்பிக் குடுப்பேன்? வேற ஆளப் பாத்துக்கறேன்."

பூசுகிற எண்ணமே இல்லை, சும்மா சொன்னேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சபையில் பொய்யனாக நிற்க மனம் வரவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, பொம்மையின் கயிற்றைப் பிடித்தேன். மகள் வாசலுக்கு வந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"இருக்கட்டும்ப்பா. பூசி முடிச்சப்புறம் இறக்கிக்கலாம்."