ஒரு கையால் நிரப்பும் படிவம்

எங்கள் ஆபீஸில் சோதித்துப் பார்க்கிற அம்மாளுக்கு ‘ஸ்பீட் பிரேக்கர்’ என்று பட்டப்பெயர். வைத்தவன் நான்தான். நாங்கள் நாலு பேர் மாங்கு மாங்கென்று ஒரு வெப்சைட்டைக் கட்டி முடித்து, அப்பாடா என்று நாற்காலியில் சாயும்போதுதான் வந்து நிற்பார். தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதற்குள் ஐந்து பழைய போன்கள், ஒவ்வொன்றும் ஒரு பழைய சாக்ஸுக்குள். ஒன்றில் திரை விரிசல். இன்னொன்று நாலு தடவை தொட்டால்தான் ஒரு தடவை கேட்கும். எங்கள் வெப்சைட் அந்த ஐந்திலும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அதற்கு முன் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பறையில் இருந்தாராம். “போன்ல டோக்கன் வரமாட்டேங்குது, நீங்களே போட்டுக் குடுங்க” என்று வந்தவர்களுக்கெல்லாம் டோக்கன் போட்டுக் கொடுத்துச் சலித்துப்போய், கோளாறு எங்கே பிறக்கிறதென்று தேடிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தவர்.

இந்த வருஷம் எங்கள் கைக்கு வந்தது ஊர்ப் பாட்டுக்குழுவின் வெப்சைட். புதிதாக முப்பது பேருக்குத்தான் இடம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு ஆரம்பம், முந்துகிறவர்களுக்கு இடம். எனக்கு ஒரே குஷி. காரணம், என் அக்கா.

அக்காவுக்கு பேக்கரியில் வேலை. வாயில் பாட்டு இல்லாமல் அவளுக்கு மாவு பிசைய வராது. அந்தக் குழுவில் சேர இரண்டு வருஷமாக முட்டி மோதுகிறாள். பழைய வெப்சைட்டின் படிவத்தோடு போனில் மல்லுக்கட்டி முடிப்பதற்குள், இரண்டு தடவையும் இடம் தீர்ந்துவிட்டது.

“உனக்கு போன் பாக்கத் தெரியலக்கா” என்று போன வருஷம் நான் கேலி செய்தேன்.

“ஆமாடா, நான் ஒரு மக்கு” என்று அவளும் சிரித்தாள். “அடுத்த வருஷமும் கெடைக்கலன்னா விட்டுடுவேன்.”

இந்தத் தடவை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: “இது நான் கட்டுற சைட். நீ கண்ண மூடிக்கிட்டு சேரலாம்.”

ஸ்பீட் பிரேக்கர் வந்தார். “போன்ல பாத்தீங்களா சார்?”

“பாத்தாச்சு மேடம்.”

பார்த்த லட்சணம் என்னவென்றால், மேசையில் இருக்கும் பெரிய திரையில் ஜன்னலை இழுத்து, போன் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்திருந்தேன். எங்கள் தொழிலில் பாதிப் பேர் செய்கிற திருட்டு வேலைதான். அவருக்குத் தெரியாதா?

“கிளம்புங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

போச்சுடா என்று எழுந்தேன். ரவுண்டு என்றால் ஆபீஸ் வாசலில் ஏறி, ஊரைச் சுற்றிவிட்டு அங்கேயே வந்து இறங்கும் பஸ். இந்த அம்மாள் குறைகளை எழுதித் தரமாட்டார். ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவார்.

சீட் காலியாக இருந்தும் உட்கார விடவில்லை. ஒரு கையில் கம்பி, மறு கையில் அந்த விரிசல் போன். “நிரப்புங்க” என்றார்.

முகப்பில் நான் ஆசை ஆசையாக வைத்த படம், நாற்பது பேர் வாய் திறந்து பாடுவது. சிக்னல் இழுத்ததில், பாலம் தாண்டும்வரை நெற்றிகள் மட்டும்தான் வந்தன. பெயர் அடிக்கப் போனால் கீபோர்டு எழும்பி ‘அடுத்து’ பட்டனை மூடிக்கொண்டது. எப்படியோ பதினான்கு கட்டங்களையும் நிரப்பினேன். பஸ் குலுங்கியது. கட்டைவிரல் ‘அனுப்பு’வை விட்டு, ஒட்டிக்கொண்டிருந்த ‘அழி’யில் விழுந்தது. எல்லாம் காலி! மறுபடி அடித்தேன், மறுபடியும் காலி. மூன்றாவது தடவை நான் போட்ட சத்தத்தில் டிரைவரே கண்ணாடியில் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற பெண்மணி ஸ்பீட் பிரேக்கரிடம் மெல்லக் கேட்டார். “பாவம், அவருக்கு போன் பாக்கத் தெரியாதா?”

எனக்குச் சுருக்கென்றது.

திரும்பி வந்து அந்தப் படத்தைத் தூக்கினேன். பதினான்கு கட்டங்களை நான்காக்கினேன். ‘அழி’யை அழித்தேன். ‘அனுப்பு’வைப் பெரிதாக்கி, கட்டைவிரல் எட்டும் இடத்தில் கீபோர்டுக்கு மேலே வைத்தேன். சிக்னல் போனாலும் அடித்தது அப்படியே இருக்கும்படி செய்தேன். ஐந்து ரவுண்டு போனோம். ஐந்தாவதில்தான் அவர் உட்கார்ந்தார், என்னையும் உட்காரச் சொன்னார்.

சனிக்கிழமை பத்து மணி. ஆபீஸில் நாங்கள் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு போன் பண்ணக் கை பரபரத்தது. “நீங்க சொல்லிக் குடுத்து அவங்க போட்டா, நாம கட்டுனது எதுக்கு?” என்று என் போனை வாங்கி சாக்ஸுக்குள் போட்டுவிட்டார். பெயர்கள் மளமளவென்று வந்து விழுந்தன. எட்டு. பதினைந்து. இருபத்திரண்டு. அக்காவைக் காணோம். அவரே நகத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டார். இருபத்தைந்து.

இருபத்தாறாவதாக அக்கா!

நான் கத்துவதற்குள் சாக்ஸ் அடித்தது. உருவி எடுத்தேன்.

“டேய், மறுபடி மாட்டிக்கிட்டேன்டா. பத்து மணிக்கு ட்ரே வெளிய எடுக்கணும், எடுத்துட்டுத்தான் போனைத் தொட்டேன். ஒரு கையெல்லாம் மாவு. நாலே நாலு கேட்டுச்சு, அப்புறம் நன்றிங்குது. அடுத்து எங்கடா அமுக்கணும்?”

“எங்கயும் அமுக்க வேணாம். நீ சேந்தாச்சுக்கா!”

“அப்போ அந்த ரெண்டு வருஷமும்… நான் மக்கு இல்லையாடா?”

“இல்லக்கா. உன்னைச் சொன்னேன் பாரு, நான்தான் மக்கு.”

அவ்வளவுதான், எடுத்தாளே ஒரு பாட்டு! ஸ்பீட் பிரேக்கர் போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மறுமுனையில் யாரோ “அடுத்த ட்ரே ரொட்டி கருகுது, ரொட்டி கருகுது” என்று கத்தியது எனக்கே கேட்டது. அக்கா நிறுத்தவில்லை.