முதுகு மூடாத பேஞ்சோ

சூரியநெல்லி மலைத் தோட்டத்தில் விடிகாலையில் எந்தத் தோல் வாத்தியமும் வாய் திறக்காது. பனியைக் குடித்துவிட்டு ஊறிக் கிடக்கும். நம் ஊரில் வெயிலில் வைத்தாலே விறைத்துக்கொள்ளும் தப்பு, இங்கே அடுப்பில் காட்டினால்தான் பேசுகிறது. எங்கள் தோட்டத்துத் துரையிடம் இருந்த, தோல் போர்த்திய சீமைக் கம்பி வாத்தியமான பேஞ்சோவுக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. வட்டச் சட்டத்தைச் சுற்றிலும் பித்தளைக் கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மரை. தோல் தொய்ந்தால் சாவியால் திருகிக்கொள்ளலாம். ஒரு மழைக்காலத்தில் அளவுக்கு மீறித் திருகித் தோலைக் கிழித்துவிட்டார். தேயிலைப் பெட்டி அடிக்கும் என்னிடம் அந்த வாத்தியம் வந்தது அப்படித்தான்.

புதுத் தோலை இழுத்துக் கட்டியவன் ஞானமுத்து. எங்களோடு மலையேறி வந்தவன். ஊரில் அவன் குடும்பத்துக்குப் பறையடிப்பது தொழில். பேஞ்சோவைப் புரட்டிப் பார்த்தால் பின்பக்கம் பலகையே இல்லை. தொலைந்துவிட்டதா என்று கேட்டேன். துரை என்னவோ சொல்லிச் சிரித்தார். பெட்டியென்றால் எல்லாப் பக்கமும் மூடியே பழகிய கை என்னுடையது. நல்ல பலாப்பலகையாகப் பார்த்து அடித்துக் கொடுத்தேன். அவர் மீட்டினார், பானைக்குள் பேசுவதுபோல் கேட்டது. பலகையை நெம்பி எடுத்துவிட்டு மறுபடி மீட்டினார். கணீரென்று பங்களாவே நிறைந்தது. அந்த வருஷக் கிறிஸ்துமசுக்கு அவர் அதை எங்கள் ஜெபக்கூடத்தில் வாசித்தபோது, ஜெபம் நடத்தும் உபதேசியார் கண்ணை மூடித் தலையாட்டினார்.

துரை சீமைக்குப் போனதும் எங்களுக்கென்று ஒன்று செய்தோம். பலாச் சிம்புகளைப் பாய்லர் ஆவியில் வேகவைத்து வளைத்து, மூன்று சுற்று ஒட்டினேன். கழுத்துக்கு ஈட்டி மரம். ஐந்தாவது கம்பி மட்டும் பாதிக் கழுத்திலிருந்து புறப்படும். அதற்கு அங்கேயே தனி முளை. கழுத்திலிருந்து ஒரு கட்டை சட்டத்தின் உள்ளே குறுக்காக ஓடும்; பின்பக்கம் திறந்திருப்பதால் புரட்டினால் கண்ணில் படும். துரையின் பேஞ்சோவில் அந்தக் கட்டையில்தான் செய்தவன் பெயர் பொறித்திருந்தது. நானும் கம்பியைக் காய்ச்சி இரண்டு பெயர்களைச் சுட்டேன்: என் பெயர், ஞானமுத்து பெயர்.

உபதேசியார் அதைப் புரட்டினார். முகம் மாறியது.

"சாமான் நல்லாத்தான்வே இருக்கு. இந்த ஞானமுத்து பேரைச் சீவி எடுத்திரும். இல்லன்னா பொறத்தால பலகை அடிச்சு மூடும். கோயிலுக்குள்ள வார சாமான்லா?"

"துரை வாசிச்சதும் இவன் கட்டுன தோலுதானேய்யா?"

"அது துரை சாமான்வே."

ஞானமுத்து பக்கத்திலேயே நின்றான். "மூடிருங்கண்ணே. பாட்டு நடந்தாப் போதும்" என்றான். உபதேசியார் சொன்னதைவிட அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஊரில் இருக்கிறவர்களே, கேளுங்கள். நம் ஊர் வேதக்கோயிலில் ஞானமுத்துவின் சனங்களுக்குத் தனி வாசல். இங்கே எல்லோருக்கும் ஒரே சாக்கு விரிப்பு என்று நான்தான் உங்களுக்குப் பெருமையாக எழுதினேன். போடிமெட்டு ஏறும்போது பாயும் சட்டியும்தான் கொண்டுவந்தோம் என்று நம்பியிருந்தேன். அந்த வாசலையும் ஒருத்தர் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அட்டைக்கடியும் குளிரும் எல்லோருக்கும் பொது; கங்காணியின் ஏச்சும் பொது. ஒரு கட்டையில் இருக்கிற பெயர் மட்டும் தீட்டாம். வெட்கங்கெட்டவர்கள்.

நான் சீவவுமில்லை, மூடவுமில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். உபதேசியார் அதை உள்ளே விடவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தேன், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. "நீ உள்ள போடா" என்றேன் ஞானமுத்துவிடம். அவன் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். மீட்டினேன். உள்ளே இருந்தவர்கள் வேறு வழியில்லாமல் அதன் சுருதிக்கே பாடினார்கள், உபதேசியாரும்தான். பேஞ்சோவின் முகம் அவர்களைப் பார்த்திருந்தது. அவன் பெயர் என் வயிற்றுப் பக்கம் இருந்தது. என் வயிறே பலகையாகி ஒலியை அடக்கிவிடாமல் இருக்க, பேஞ்சோவைக் கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன்.