தூளாக வாங்கிய புண்ணாக்கு

கணவர் ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போக, நான் பிள்ளைப்பாக்கத்தில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். கம்பெனித் தீவனம் கட்டுப்படியாகாததால், தவிட்டோடு கடலைப் புண்ணாக்கைக் கலந்து போட ஆரம்பித்தேன்.

வாலாஜாபாத் கடைக்காரர், "தூளாவே வாங்கிக்கினு போம்மா, இடிக்கிற வேலை மிச்சம்" என்றார். நம்பி வாங்கினேன். கோழிகள் தலை தொங்கிச் செத்தன. பூசணம் பிடித்த கட்டிகளை அரைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார் என்றார் கால்நடை டாக்டர். கடைக்காரரிடம் கேட்கப் போனதற்கு, "உன் வூட்டு தண்ணி சரியில்ல" என்றார்.

இப்போது கட்டியாகத்தான் வாங்குகிறேன், எதிர்க்கடையில். ஆனால் சந்தை நாளில் முதலில் அவர் கடையில்தான் நிற்பேன். கூட்டத்துக்கு நடுவே அவர் விற்கிற கட்டி ஒன்றை உடைப்பேன். உள்ளே பச்சை பூத்திருந்தால் எல்லோருக்கும் காட்டுவேன்.

போன வாரம், "இன்னும் எத்தினி நாளைக்கும்மா?" என்று கேட்டார்.

"செத்த கோழிங்க எழுந்து வர்ற வரைக்கும்ணா" என்றேன்.